கழற்றி மாட்டிய கொட்டகை

பிப்ரவரி 11

அத்தைக்கு,

நலம். நீங்களும் அங்கே மகள் வீட்டில் நலமாக இருப்பதாக அண்ணி சொன்னார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக் கொட்டகை வைக்கப்போகிறேன். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வைப்பது முறையில்லை, அதனால் எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். நான் "அத்தை" என்றேன், நீங்கள் "ம்" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அண்ணி வீட்டு டிவியில் யாரோ சமையல் எண்ணெய் விற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடிதம் என்றால் எதையாவது எழுதியே ஆக வேண்டும்.

கொட்டகை புதிது இல்லை. கண் டாக்டர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறார். அவர் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினும் உர மூட்டையும் போட்டு வைத்திருந்த கொட்டகை. "கழற்றி எடுத்துட்டுப் போறதா இருந்தா சும்மாவே எடுத்துக்கோம்மா, எனக்கு இடம் காலியானா போதும்" என்றார். பஸ் டெப்போ மெக்கானிக் வண்டி கொண்டுவந்தார். நான்கு சுவரையும் போல்ட்டில்தான் பூட்டியிருந்தார்கள். கழற்றுவது சுலபமாக இருந்தது. எந்தப் பலகை எங்கே என்று சாக்பீஸில் நம்பர் போட்டேன். வரும் வழியில் மழை பிடித்து நம்பர் எல்லாம் போய்விட்டது.

அடிச்சட்டம் உளுத்திருக்கிறது. கூரைத்தாள் கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு மூலையில் குளவிக்கூடு, ஆள் இல்லாத பழைய கூடு. எல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். லைட், ஃபேன், நல்ல ஜன்னல் ஒன்று வைத்து ஆள் இருக்கிற மாதிரி மாற்றப்போகிறேன். எலுமிச்சை மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் வரும். உங்கள் துணிக்கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டியிருக்கும். ஆட்சேபணை இருந்தால் எழுதவும்.

மருமகள்


பிப்ரவரி 19

மருமகளுக்கு,

ஆட்சேபணை இருந்தால் எழுதவும் என்று நகராட்சி நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். மதிலில் ஒட்டியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

நான் நர்சுகள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது உனக்கு மறந்திருக்காது. எந்த அறையை யாருக்காக ஒழிக்கிறார்கள் என்று வாயைத் திறந்து சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும். லைட் உண்டு, ஃபேன் உண்டு, ஜன்னல் உண்டு. கட்டில் என்ற ஒரு சொல்லை மட்டும்தான் நீ எழுதவில்லை. ஆள் இருக்கிற மாதிரி என்றால் எந்த ஆள்? அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் போய்விட்டான். நீ இருக்கிறாய். மிச்சம் யார் என்று கணக்குப் போட எனக்கு வாத்தியார் வேண்டாம்.

புல்வெட்டும் மெஷின் இருந்த இடத்தில் மாமியாரைப் போடலாம் என்று தோன்றியிருக்கிறது. தோன்றட்டும். ஆனால் நான் அங்கே திரும்பி வருகிறேன் என்று உன்னிடம் சொன்னேனா?

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் கேட்டதற்கு இது பதிலா? என் பிள்ளையைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தியிருக்கிறார்கள். நீ வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு நாற்காலி ஆடுகிறது என்று அதன் காலுக்கு அட்டையை மடித்து வைத்தாய். என் கண்ணால் பார்த்தேன். "ஒரு சொட்டுத் தண்ணி வரலையே உனக்கு, நீ என்ன மரமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீ வாயே திறக்கவில்லை. நான் என் பெரிய மகளோடு கிளம்பி இங்கே வந்துவிட்டேன். இப்போது மரத்தாலேயே பதில் சொல்கிறாய் போலிருக்கிறது.

அடுத்த வீட்டு டீச்சரும் எனக்கு எழுதியிருந்தாள். மெக்கானிக் அடிக்கடி வருகிறார் என்று இருந்தது. அந்த வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள். ஆனால் டீச்சருக்கு எழுதுவதற்கு விஷயம் கொடுக்காதே.

கொடியைத் தொடாதே.

அத்தை


பிப்ரவரி 27

அத்தைக்கு,

கொட்டகை உங்களுக்கு இல்லை. எனக்கு.

நான் வேலை பார்த்த சோபாக் கடையை மூடிவிட்டார்கள். முதலாளி கடையைத் தம்பியிடம் விட்டார், தம்பி அதைக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது குஷன் வேலை ஒன்றுதான். பழைய நாற்காலி, சோபாவுக்கு உறை மாற்றுவது, ஸ்பிரிங் கட்டுவது. சொந்தமாகச் செய்யலாம் என்று தையல் மெஷினை எடுத்து வந்து ஹாலில் போட்டேன். முதல் நாள் ஒரு பழைய மெத்தையைப் பிரித்தேன். அதற்குள் இருந்த பஞ்சும் தூளும் ஹால் முழுக்கப் பறந்தன. திரைச்சீலையில், மின்விசிறியில், உங்கள் அறைக் கதவுக்கு அடியில் எல்லாம். துடைக்கத் துடைக்க வந்தது. உங்கள் மூச்சுத் தொல்லைக்கு இந்த வீட்டில் இந்த வேலை ஆகாது என்று தெரிந்தது. வேலையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றுதான் கொட்டகை தேடினேன்.

நீங்கள் வருவதாகச் சொல்லவில்லை, உண்மைதான். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதனால் உங்கள் அறையைத் தூசி இல்லாமல் வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் வருகிறார். அவருடைய மனைவியும் வருகிறார், டீச்சர் அதை எழுதியிருக்க மாட்டார். டெப்போ ஓய்வறையில் பெஞ்சில் உட்கார்ந்தபடி உங்கள் பிள்ளையின் நெஞ்சு நின்றுபோனபோது, அடுத்த டிரிப்புக்குப் பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுப்பப் போனவர் அந்த மெக்கானிக்தான். அதிலிருந்து அவருக்கு எதையாவது தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போன வாரம் ஒரு பழைய பஸ்ஸின் ஜன்னலைக் கழற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது, தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. "டெப்போவுல உடைக்கப் போட்ட வண்டி. உங்களுக்கு ஆகும்னு எடுத்து வச்சேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டார். மூடிய பேக்கரி ஒன்றின் கண்ணாடி கிடைத்தது, அதைப் போட்டேன்.

அடிச்சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தேன். சிமெண்ட் கட்டைகள் மேல் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன், ஈரம் ஏறாது. நாலு சுவரையும் நிறுத்திப் பூட்டியதும் கதவு சாத்தவில்லை. கதவைச் சீவினேன், அப்போதும் சாத்தவில்லை. பிறகுதான் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. கொட்டகையே கோணலாக நின்றுகொண்டிருந்தது, குற்றம் கதவில் இல்லை. எல்லாவற்றையும் தளர்த்தித் திரும்பப் பூட்டினேன். இப்போது சாத்துகிறது. சீவிய இடத்தில்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது.

மரமா என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்குமே, கடித்தால்கூடத் தெரியாமல், அப்படி இருக்கிறது. உடம்பு முழுக்க. ஊசியின் வேகம் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொடியைத் தொடவில்லை. கொட்டகையைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

மருமகள்


மார்ச் 9

மருமகளுக்கு,

கொடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கட்டிக்கொள். ஒரு கயிற்றுக்காகக் கொட்டகையைத் தள்ளிப் போட்டேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவைக்காதே.

சோபாக் கடை மூடியதை ஏன் முன்பே சொல்லவில்லை? டீச்சருக்குக்கூடத் தெரியாமல் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறாய், அது சாமர்த்தியம்தான்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெரியவள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் டிவி சேனல் மாற்றுவதில்லை. எனக்கு எந்தச் சேனல் வேண்டும் என்பதும் அவருக்கே தெரிகிறது, அதனால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில். காலையில் அதை மடக்கிவிட்டால் நான் எங்கே உட்கார வேண்டும் என்பதில் கொஞ்சம் குழப்பம். மற்றபடி ஒன்றுமில்லை.

கொட்டகைக்கு வெளியே என்ன பூசப்போகிறாய்? கறுப்பாக எதையாவது பூசிவைக்காதே, வெயிலில் உள்ளே வெந்துவிடுவாய். வெள்ளையும் வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நான் பார்த்துப் பார்த்துச் சலித்த நிறம் அது.

என் அறையைத் துடைத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறாய்?

அத்தை


மார்ச் 21

அத்தைக்கு,

வெளியே சாம்பல் கலந்த பச்சை. கடையில் யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்க வராத டப்பா, மலிவாகக் கொடுத்தார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கத்தான் நாள் பிடித்தது. மூன்று நிறம் இருந்தது அடியில். எல்லாவற்றுக்கும் அடியில் மரம் புதிது மாதிரியே இருந்தது.

உள்பக்கம் தெர்மாகோல் வைத்து அதன்மேல் பிளைவுட் அடித்தேன். கூரைக்குத் தகரம் போட்டேன். மழை பெய்தால் உள்ளே பேச்சுக் கேட்காது. எனக்கு அது பரவாயில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து இரண்டு பிளக், ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டுப் போனார். "தனியா இருக்கப் போறீங்களா, பயமா இருக்காதா?" என்று கேட்டார். வேலை செய்யத்தான் என்றேன். "வேலைன்னாலும் தனியாத்தானே" என்றார்.

முதல் வேலை வந்துவிட்டது. கிளினிக் ஒன்றின் காத்திருக்கும் பெஞ்சுகள். ரெக்ஸின் கிழிந்து, கிழிந்த இடத்தில் நோயாளிகள் விரலை விட்டு விட்டுப் பஞ்சை நோண்டியிருக்கிறார்கள். எல்லாம் பிரித்துப் புது ஃபோம் போட்டு உறை இழுத்து அடிக்கிறேன்.

நேற்று உறையை அடித்துக்கொண்டிருந்தபோது ரெக்ஸின் மேல் சிவப்பாக ஏதோ இருந்தது. பெயிண்ட் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். மறுபடியும் வந்தது. துடைத்தேன். பிறகுதான் என் இடது கையைப் பார்த்தேன். ஸ்டேப்ளர் பின் ஆள்காட்டி விரலில் முழுதாக இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. குறட்டால் பிடுங்கிவிட்டு, கட்டுப் போட்டுவிட்டு, அந்தப் பெஞ்சை முடித்தேன். கறை போய்விட்டது.

இதைப் பெரிதாகச் சொல்வதற்காக எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மருமகள்


மார்ச் 30

அம்மாடி,

விரலுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயா இல்லையா? இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் முதல் வேலையாகப் போய்ப் போட்டுக்கொள். நர்சுகளோடு இருந்தவள் சொல்கிறேன். துருப்பிடித்த பின் என்றால் விளையாட்டு இல்லை. போட்டுக்கொண்டேன் என்று பதில் வர வேண்டும்.

உன் கடிதத்தைப் பெரியவளிடம் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தேன். காலையில் கட்டிலை மடக்கும்போது விழுந்தது, எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

நான் அன்றைக்கு அழுததைத் தெருவே பார்த்தது. இங்கே வந்தபின் அழவில்லை. ஒரு நாள்கூட இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன், பல் துலக்குகிறேன், சாப்பிடுகிறேன். மாப்பிள்ளை ஜோக் சொன்னால் சிரிக்கிறேன். சரியான இடத்தில்தான் சிரிக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் "அம்மா தேறிட்டாங்க" என்று பெரியவள் சொல்கிறாள். அவர்களும் என்னைப் பார்த்து ஆமாம் என்கிறார்கள். நேற்று ஒரு பெண்மணி என் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டு, குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போட்டிருந்தேன்.

தூங்குவதற்கு ஒரு மாத்திரை தருகிறார்கள். அது தூக்கம் இல்லை, விளக்கை அணைப்பது மாதிரி ஒன்று.

உன்னை மரமா என்று கேட்டவள் நான். இங்கே என்னைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அத்தை


ஏப்ரல் 6

அத்தைக்கு,

ஊசி போட்டுக்கொண்டேன்.

அடுத்த கடிதம் வருவதற்குள் புரோக்கர் வந்துவிட்டார். நீங்கள் எழுத நினைத்த விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணி வீட்டு அண்ணன் அனுப்பியதாகச் சொன்னார். ஒவ்வொரு அறையாக டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார். உங்கள் அறை நல்ல காற்றோட்டம் என்று பாராட்டினார். நான் கூடவே போய் லைட் போட்டுக் காட்டினேன். தண்ணீர் கொடுத்தேன்.

பின்பக்கம் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே, இதையும் சேர்த்துச் சொல்லிடலாமா?" என்றார். "இது வீட்டோட சேராது" என்றேன்.

வீடு உங்களுடையது. விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். நான் சண்டை போடமாட்டேன், அதற்குத் தேவையான ஏதோ ஒன்று என்னிடம் இல்லை. கொட்டகை என்னுடையது. போல்ட்டில்தான் நிற்கிறது. எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியும். எங்கே கொண்டுபோவது என்பது மட்டும் தெரியாது. வாங்குகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். மருந்துக்கடைக்காரரின் சோபா ஒன்று கையில் இருக்கிறது, அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற முடியும்.

மருமகள்


ஏப்ரல் 24

அம்மாடி,

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன், சொல்லாமல் கொள்ளாமலே திரும்பினேன். வந்ததற்குக் காரணம் உன் கடிதம். "சண்டை போட மாட்டேன்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட முடியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரியவளிடம் சொன்னேன். நேரில் உன்னிடம் நிறையப் பேச வேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வந்து ஒன்றும் பேசவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த சாவியால் முன்கதவைத் திறந்தேன். பின்னால் உன் மெஷின் சத்தம் கேட்டது, உனக்கு நான் வந்தது கேட்கவில்லை. வீடு துடைத்த மாதிரி இருந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி. ஹாலைத் தாண்டினேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. சரி, உள்ளே இருக்கிறான், வரட்டும் என்று நின்றேன். அவன் எப்போதுமே உள்ளே போனால் லேசில் வெளியே வரமாட்டான். வெளியில் நின்று நான் கத்துவேன், அவன் உள்ளிருந்து குழாயை இன்னும் வேகமாகத் திறப்பான். அப்படியே நின்றேன். கை பையைப் பிடித்தபடியே இருந்தது. கதவு திறக்கவில்லை என்று கோபம்கூட வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு புரிந்தது. புரிந்ததும் ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை, தலை சுற்றவில்லை. திரும்பி நடந்து பின்கட்டு வழியாக உன்னிடம் வந்தேன்.

நீ என்னைப் பார்த்தாய், மெஷினை நிறுத்தினாய். "வாங்க அத்தை" என்றாய், கடைக்குப் போய்விட்டு வந்தவளைக் கூப்பிடுவது மாதிரி. "எப்படிம்மா நீ அந்த வீட்டுக்குள்ள இருக்கே?" என்று கேட்டேன். "இல்லையே அத்தை. தூங்கறதுக்கு மட்டும்தான் உள்ளே போறேன்" என்றாய். அவ்வளவுதான் நாம் பேசியது. பிறகு நீ துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து "இழுத்துப் பிடிங்க" என்றாய். நான் இழுத்துப் பிடித்தேன், நீ அடித்தாய். அடுத்த பக்கம் போனோம். மூலை மடிக்கும்போது "இன்னும் கொஞ்சம்" என்பாய், "விடுங்க" என்பாய். அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கொட்டகையில் அவன் கால் வைத்ததே இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் அவன் வரப்போவதில்லை. அங்கே உட்கார்ந்ததும் எனக்கு மூச்சுவிட முடிந்தது. பஸ் ஜன்னலை நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. முடித்த சோபாவில் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வாசலில் நின்று உன்னிடம் ஏதோ சொல்ல வந்தேன். "மழை வரும்போல இருக்கு" என்றேன். வானம் வெள்ளையாக இருந்தது. நீயும் ஆமாம் என்றாய்.

இப்போது சொல்கிறேன். வீட்டை விற்கத்தான் போகிறேன். உன்னை வெளியேற்றுவதற்காக இல்லை. அந்த வீட்டில் நீயும் இல்லை, நானும் இருக்க முடியாது. இரண்டு பேரும் இல்லாத வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பானேன்? பெரியவளுக்குச் சேர வேண்டியது பெரியவளுக்கு. மிச்சம் உனக்கும் எனக்கும். நீ வாடகைக்கு ஒரு வீடு பார். சின்னதாக இருந்தால் போதும். பின்னால் இடம் இருக்க வேண்டும், கொட்டகை நிற்கிற அளவுக்கு. நான் வருகிறேன். தூசி வேலை நடக்கும்போது வீட்டுக்குள் இருப்பேன். உறை இழுக்கும்போது வெளியே வருவேன்.

வரட்டுமா என்று கேட்டு எழுத வேண்டும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

அத்தை


ஏப்ரல் 30

அத்தைக்கு,

நீங்கள் தூங்கியபோது நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கடைக்காரர் சோபாவை எடுத்துப்போக வண்டியோடு வந்துவிட்டார்.

"ரெடின்னு போன் பண்ணீங்களே" என்றார்.

"ரெடிதான் சார்" என்று உங்களைக் காட்டினேன்.

எட்டிப் பார்த்தார். "யாரு?"

"எங்க அத்தை."

"எழுப்புங்களேன். வண்டிக்காரர் நிக்கிறார்."

"தூங்கி ரொம்ப நாளாச்சு சார் அவங்க."

"மாத்திரை ஏதாவது போட்டிருக்காங்களா?"

"இல்ல சார். சோபாவுல சாய்ஞ்சாங்க, அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் தன்னுடைய சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்திரை இல்லாமலா?" என்று மறுபடியும் கேட்டார். அவருக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். வண்டிக்காரரைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் வந்தபோது முதலில் தானே அதில் சாய்ந்து பார்த்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிகிறது. தெரிகிறதே தவிர, வரவில்லை. உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வீடு பார்க்கப் போனேன். கால்கள் தாமாகவே போயின.

இதுவரை பார்த்ததில் ஒன்று மாடி. ஒன்றில் பின்பக்கம் முழுக்கக் கிணறு. இன்னொன்றில் எல்லாம் பொருந்தியது, கொட்டகையை உள்ளே கொண்டுபோக வழி மட்டும் இல்லை. தேடுகிறேன்.

வாருங்கள்.

மருமகள்


மே 7

அம்மாடி,

பெரியவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். "நான் என்னம்மா குறை வச்சேன்?" என்றாள். குறையே இல்லை, அதுதான் உண்மை. அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் நான் உடைந்துவிடுவேன் என்று இத்தனை மாதம் அவன் பெயரையே எடுக்காமல் இருந்திருக்கிறாள். பாவம், அவளுக்கும் அவன் தம்பிதானே. அவளை மடியில் போட்டுக்கொண்டேன். என் புடவை நனைந்தது. என் கண்ணிலிருந்து இல்லை.

மாப்பிள்ளைக்குத்தான் புரியவில்லை. "சொந்த வீட்டை வித்துட்டு, ஒரு ஷெட்டுக்காக வாடகை வீட்டுக்குப் போறீங்களா?" என்றார். "ஆமாம் மாப்பிள்ளை" என்றேன். அவர் டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் நான் சொன்னதற்காக டிவி நின்றது அதுதான் முதல் தடவை.

நீ சந்தோஷப்படவில்லை என்று எழுதியதற்கு நான் ஏன் தப்பாக எடுக்க வேண்டும்? விடுதியில் புதிதாகச் சேரும் பெண்களிடம் நான் சந்தோஷமா என்று கேட்டதே இல்லை. சாப்பிட்டாயா, ராத்திரி கதவைத் தாழ் போட்டாயா என்றுதான் கேட்பேன். அப்படித்தான் இருப்போம். ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் அதிகாலையில் எழுந்து பாத்திரங்களை உருட்டுவேன், அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

வீடு கிடைத்ததும் எழுது.

அத்தை


மே 19

அத்தைக்கு,

கிடைத்துவிட்டது. அச்சகத் தெருவுக்குப் பின்னால். இரண்டு அறை, ஒரு சமையலறை. பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம், பக்கவாட்டில் அகலமான இரும்புக் கதவு. ஒரு சுவர் முழுதாக உள்ளே போகும், டேப் வைத்துப் பார்த்துவிட்டேன். மரம் எதுவும் இல்லை, நிழல் பத்தாது. கூரைக்குக் கீழே இன்னொரு அடுக்குத் தெர்மாகோல் வைக்க வேண்டும். உங்கள் அறை கிழக்குப் பக்கம். சமையலறை அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது. பாத்திரம் உருட்டினால் எனக்குத்தான் கேட்கும்.

வீட்டுக்காரம்மா தனியாக மாடியில் இருக்கிறார், முன்னால் நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். நன்றாக விசாரிக்கிறார்.

"யார் யார் இருப்பீங்க?" என்று கேட்டார்.

"நானும் எங்க அத்தையும்."

"வீட்டுக்காரர்?"

"இறந்துட்டார்" என்றேன். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. என் குரல் எனக்கே கேட்டது. சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்போ அத்தைன்னா, உங்க அப்பா கூடப் பிறந்தவங்களா?"

"இல்லம்மா. மாமியார்."

"அவர் இல்லாம, மாமியாரும் மருமகளுமா?"

"ஆமாம்."

அடுத்த கேள்விக்குத் தயாராக நின்றேன். அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "அந்தக் கதவு மழைக்காலத்துல கொஞ்சம் இறுகும். தோளால இடிக்கணும்" என்றார்.

மெக்கானிக்கும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், கொட்டகையைக் கழற்ற. நீங்கள் வெள்ளிக்கிழமை வந்தால் சரியாக இருக்கும். வரும்போது உங்கள் தலையணையைக் கொண்டுவாருங்கள், இங்கே இருப்பதெல்லாம் உயரம்.

சாவி வாங்கியபின் உடனே வெளியே வரவில்லை. காலி வீட்டில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். வீடு பார்க்கப் போகும்போது எடுத்துப்போன சாப்பாடு பையில் இருந்தது. திறந்து சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். பிறகு தெருமுனைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்து அதையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இத்தனை மாதமும் நேரத்துக்கு நேரம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், அத்தை. பசித்தது இன்றைக்குத்தான்.

மருமகள்